டன்லின் ஏரியின் நிழல் கணக்கு

டன்லின் ஏரியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பதை அணைக்கட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பொத்தானை அழுத்தித் தீர்மானிக்கிறார். கோடையில் ஏற்றுவார், மழைக்காலத்தில் இறக்குவார். கரையைச் சுற்றி முக்கால்வாசி கான்கிரீட் சுவர். அடியில் கிடப்பது ஒரு பழைய மரவாடியின் கழிவு. ஆகவே இந்த ஏரியின் இயற்கைத் தன்மையைக் காப்பதற்கென்று ஓர் ஆணையம் இருக்கிறது.

டன்லின் ஏரிக் கரையோர ஆணையத்தின் முத்திரையில் ஒரு சால்மன் மீன் துள்ளுகிறது. ஏரியில் சால்மன் கிடையாது. கடலிலிருந்து மீன் ஏறி வருவதற்காக அணையில் கட்டிய படிக்கட்டு உடைந்து வெகுகாலம் ஆகிறது. அதைச் சரிசெய்ய ஆணையம் முறைப்படி விண்ணப்பித்திருக்கிறது. யாரிடம் என்றால், ஆணையத்திடம்தான். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. தன் காரியத்துக்குக்கூட ஆணையம் சலுகை காட்டுவதில்லை என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள்.

நெல்ஸ் ஹௌகனுக்கு இதெல்லாம் முதலில் தெரியாது. அவன் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். படிப்படியாகப் போட்டுக்கொண்டே போனால் விடை வந்துவிடும் என்று நம்புகிறவன். ஏரியின் வடகோடியில், பெரிய வீடுகளுக்கு நடுவே பல் விழுந்த இடம் போல ஒரு சின்ன மரவீடு. அத்தை விட்டுப்போனது. அதில் அவனும் மாரிசெலும் இருந்தார்கள்.

மாரிசெல் நகராட்சி நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்கு நீந்தச் சொல்லிக்கொடுத்தவள். வேலைக்குப் போகும் முன் ஏரியில் ஒரு சுற்று நீந்திவிட்டுத்தான் காபி குடிப்பாள். முப்பத்துநாலு வயதில் அவள் இடுப்பெலும்பில் புற்று வந்தது. பிறகு முதுகெலும்புக்கு ஏறியது.

“தரையில எலும்புக்கு எலும்பு வலிக்குது. தண்ணியில நான் இருக்கறதே எனக்குத் தெரியல,” என்று சொல்வாள்.

அது உண்மை. மாத்திரைகள் செய்யாததைத் தண்ணீர் செய்தது. ஆனால் தண்ணீருக்குப் போக வழியில்லை. பழைய படகுத்துறை புயலில் விழுந்துவிட்டது. படகுகள் கிளப்பும் அலை கரையை அடியில் தின்றுகொண்டே வந்ததால், வீட்டுப் பின்புறம் இடுப்பளவு சேற்றுச் சரிவாக நின்றது. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் நெல்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். கால் வைத்த மண் கழன்றது. இருவரும் விழுந்தார்கள். அவள் கத்தவில்லை. அதற்கப்புறம் அவன் தூக்கவில்லை. காரில் வைத்து வேறு கரைக்குக் கொண்டுபோகலாம் என்றால், தெருமுனை திரும்புவதற்குள் அவள் உதட்டைக் கடித்து ரத்தம் வந்துவிடும்.

வேண்டியது இவ்வளவுதான்: கரை சரியாமல் ஒரு பிடிப்பு, அதிலிருந்து தண்ணீருக்கு மேல் ஒரு சிறு துறை, துறையின் முனையில், உட்கார வைத்து மெல்லத் தண்ணீருக்குள் இறக்கும் தொங்கு நாற்காலி. கோடைக்குள் வேண்டும். அதற்கடுத்த கோடையைப் பற்றி நெல்ஸ் கேட்டபோது மருத்துவர் தன் பேனா மூடியைத் தேடினார்.

கட்ட வேண்டிய துறை ஒன்று. அதற்கு அனுமதி தர வேண்டிய துறைகள் நான்கு. நான்கும் ஒரே கட்டடத்தில், ஆணையத்தின் குடையின் கீழ் இருந்தன.

கவுண்டரில் லினெட் பார் இருந்தாள். ஆணையத்தின் திட்ட அலுவலர். கனிவானவள். அந்தக் கனிவை அவள் எந்த இடத்திலும் கைவிட்டதில்லை.

“முன்னாடி அங்க துறை இருந்ததா, மிஸ்டர் ஹௌகன்?”

“இருந்தது. புயல்ல விழுந்துடுச்சு.”

“அப்படின்னா ரொம்ப சுலபம். பழுதுபார்ப்பு. விசாரணையே வேண்டாம், இன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன். இப்ப எத்தனை கால் நிக்குது?”

“ஒண்ணும் நிக்கல. எல்லாத்தையும் பிடுங்கி எடுத்துட்டேன்.”

லினெட்டின் பேனா நின்றது.

“எதுக்கு எடுத்தீங்க?”

“ஆணி நீட்டிக்கிட்டு இருந்தது. பக்கத்து வீட்டுப் பசங்க நீந்துவாங்க.”

“ஒரு கால்கூட விட்டு வைக்கலையா? பாதி ஒடிஞ்சது? சாஞ்சது?”

“இல்ல.”

“தண்ணிக்கு மேல தலை காட்டற மாதிரி ஏதாவது ஒரு கட்டை?”

“சுத்தமா எடுத்துட்டேன் மேடம்.”

“ஐயோ, மிஸ்டர் ஹௌகன்,” என்றாள் லினெட், துக்க வீட்டுக் குரலில். “சுத்தம் பண்ணிட்டீங்களே.”

ஓர் அழுகிய கால் நின்றிருந்தால் அது பழுதுபார்ப்பு. எதுவும் நிற்காவிட்டால் புதுக் கட்டுமானம். புதுக் கட்டுமானம் என்றால் ஆய்வு, அறிவிப்பு, விசாரணை எல்லாம் உண்டு. அதோடு தண்ணீருக்குள் வேலை செய்ய ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரைதான் அனுமதி. மற்ற மாதங்களில் சால்மன் குஞ்சுகள் கரையோரம் மேயும். மேயவில்லை என்றாலும் அவை மேயக்கூடிய மாதங்கள். அந்த இடைவெளியை ஏரிக்காரர்கள் ‘ஜன்னல்’ என்பார்கள். ஜன்னலைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

படகுத்துறை கட்டும் ட்வைட்டிடம் போய் நெல்ஸ் இதைச் சொன்னான். ட்வைட்டுக்கு ஒரு மிதவையும், அதன்மேல் ஒரு சிறு கிரேனும், ஆணையத்தைப் பற்றித் தீராத பேச்சும் இருந்தன.

“எடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதாப்பா? இந்த ஏரியில அழுகின கட்டைக்கு இருக்கற மரியாதை உசுரோட இருக்கறவனுக்குக் கிடையாது.”

“இப்ப என்ன பண்றது?”

“சொல்லு, இருட்டினதும் ஒரு கட்டையை நட்டுட்டு வரேன். நல்லா அழுகினதாப் பாத்து நடறேன். அந்தம்மா வந்து தடவிப் பாத்து சந்தோஷப்படும்.”

நெல்ஸ் மறுத்துவிட்டான். விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையை அப்புறம் நிரப்பும் பிள்ளைகளுக்கு அவன் மதிப்பெண் போடுவதில்லை.

“நீ நல்லவன்,” என்றான் ட்வைட். “உன் பொண்டாட்டிதான் பாவம்.”

அடுத்த முறை லினெட் கேட்டாள்: “துறையில என்ன படகு கட்டப் போறீங்க?”

“எங்ககிட்ட படகு இல்ல.”

“அப்ப துறை எதுக்கு?”

“என் மனைவி தண்ணிக்குள்ள இறங்கறதுக்கு.”

லினெட் விதிப்புத்தகத்தைத் திருப்பி அவன் பக்கம் வைத்தாள். கரையில் எதைக் கட்டினாலும் அது நீரைச் சார்ந்த பயன்பாடாக இருக்க வேண்டும். படகு நீரைச் சார்ந்தது. நீந்துபவர் நீரைச் சார்ந்தவர் இல்லை.

“நீந்தறதுக்குத் தண்ணி வேண்டாமா?”

“நீந்தறதுக்கு வேணும். ஆனா நீந்தறவங்களுக்கு வேண்டியதில்லையே. அவங்க நிலத்துலயும் இருக்க முடியும். படகால அப்படி இருக்க முடியாது. விதி அதைத்தான் பாக்குது.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஒரு படகு வாங்கிடுங்களேன். எதுவா இருந்தாலும் பரவாயில்ல.”

ட்வைட் தன் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த துடுப்புப்படகு ஒன்றைக் கொடுத்தான். அடிப்பலகையில் விரல் நுழைந்தது. அது மிதக்குமா என்று ஆணையம் கேட்கவில்லை. கட்டி வைக்க முடியுமா என்றுதான் கேட்டது. முடிந்தது. விண்ணப்பத்தில் மாரிசெலின் பெயர் அடிக்கப்பட்டு, பயனாளி என்ற இடத்தில் படகு எழுதப்பட்டது.

“என்னைவிட அதுக்குத்தான் உடம்பு மோசமா இருக்கு,” என்றாள் மாரிசெல், படகைப் பார்த்துவிட்டு. “ஆனா அதுக்கு மரியாதை கிடைக்குது பாத்தியா.”

வசந்தத்தில் லினெட் கரையைப் பார்வையிட வந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். சரிவின் விளிம்பில் நின்று பார்த்தவளின் முகம் மலர்ந்தது.

“எவ்வளவு உயிரோட்டமான கரை!”

“அது இடிஞ்சுக்கிட்டு இருக்கு மேடம்.”

“ஆமா. இடியற கரைதான் ஆரோக்கியமான கரை. ஏரி மூச்சு விடுது.” அவள் குறிப்பெடுத்துக்கொண்டாள். “கல் போட முடியாது. சுவர் எழுப்ப முடியாது. மென்மையான முறையிலதான் பண்ணணும். கூழாங்கல், வேரோட கிடக்கற மரம், அப்புறம் வில்லோ மரக்கன்னு.”

“வேரோட கிடக்கற மரத்துக்கு எங்க போறது?”

“விக்கறாங்க. தானா விழுந்த மாதிரி போடணும். போட்டுட்டு, நகராம இருக்க அடியில சங்கிலி போட்டு கான்கிரீட்ல கட்டிடணும். எந்தக் கோணத்துல தானா விழணும்னு ஒரு பொறியாளர் கையெழுத்துப் போடணும்.”

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளை விசைப்படகு பாய்ந்து போனது. அதன் அலை வந்து அடித்ததில், லினெட்டின் காலுக்கு அருகில் ஒரு சக்கரம் அளவு மண் பொத்தென்று ஏரிக்குள் போனது. அவள் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“இந்த அலையை யாராவது கேக்கக்கூடாதா?” என்றான் நெல்ஸ்.

“அது படகு, மிஸ்டர் ஹௌகன். நீரைச் சார்ந்த பயன்பாடு.”

அந்தப் படகு ஹாலிஸ் விட்லாக்குடையது. ஆணையத்தின் தலைவர். நெல்ஸுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தார். அவர் துறைக்குக் கூரை உண்டு. கூரைக்கு மேல் விருந்து மேடை உண்டு. தபால்பெட்டி அருகே ஒருநாள் எதிர்ப்பட்டபோது நெல்ஸின் தோளைத் தட்டினார்.

“என் வீட்டுக் கதவு உனக்கு எப்பவும் திறந்திருக்கும் நெல்ஸ். ஆனா உன் விண்ணப்பம் முடியறவரைக்கும் நான் உன்கூடப் பேசக்கூடாது. அது நெறிமுறை.”

“சரி.”

“இப்பகூடப் பேசல. புரியுதா? நாம இப்ப சும்மா நிக்கறோம்.”

ஜூன் மாதம் நிழல் வந்தது.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். டன்லின் ஏரியில் அது ஆணையத்தில்தான் தெரியும். துறையின் நிழலில் பெரிய மீன் பதுங்கிச் சால்மன் குஞ்சைத் தின்றுவிடும் என்பதால், ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவுதான் நிழல் என்று வரம்பு இருக்கிறது. தளம் முழுக்கச் சல்லடையாக இருக்க வேண்டும். வெளிச்சம் ஒழுகிக் கீழே போக வேண்டும். கரையில் நடப்போகும் வில்லோவும் தண்ணீரின் மேல் நிழல் போடும். ஆனால் அது நல்ல நிழல்.

நெல்ஸ் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வரம்புக்குள் கொண்டுவந்திருந்தான். நாலைந்து முறை சரிபார்த்தும் இருந்தான். லினெட் வரைபடத்தில் தொங்கு நாற்காலியின் மேல் பேனாவை வைத்தாள்.

“இதுல உக்கார்றவங்களோட நிழல்?”

“ஆளோட நிழலும் கணக்கா? துறையில நடக்கறவங்களுக்குமா?”

“நடக்கறவங்களுக்கு இல்ல. அது போய்ட்டு வர்ற நிழல், மீன் கண்டுக்காது. ஆனா உங்க மனைவி…” அவள் கனிவாகத் தேடினாள். “அவங்க தானா நகர மாட்டாங்க இல்லையா? தானா நகராதது எதுவா இருந்தாலும் விதிப்படி அது பொருத்தப்பட்ட பொருள்.”

நெல்ஸ் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தான். அவன் கூட்டியதில் பிழையில்லை. கணக்கில் ஓர் உறுப்பு விட்டுப்போயிருந்தது.

நண்பகலில் லினெட் டேப்புடன் வீட்டுக்கு வந்தாள். மாரிசெலைப் பின்புறப் புல்லில் நாற்காலியோடு வைத்தார்கள். சூரியன் தலைக்கு மேல். லினெட் புல்லில் மண்டியிட்டு விளிம்புகளைக் குறித்தாள்.

“குண்டாத் தெரியறேனா?” என்றாள் மாரிசெல்.

“இல்ல, இல்ல. ரொம்ப அளவா இருக்கீங்க.”

“தொப்பியைக் கழட்டிடட்டுமா? ஒரு அடி மிச்சமாகும்.”

“வழக்கமா தொப்பி போடுவீங்களா?”

“முடி கொட்டினதுலேர்ந்து.”

“அப்ப தொப்பியோடதான் எடுக்கணும். மன்னிச்சுக்கங்க.”

வரம்பைவிட நாலு சதுர அடி கூடியது.

“அடுத்த மாசம் வாங்க,” என்றாள் மாரிசெல். “நான் குறைஞ்சுக்கிட்டேதான் வரேன். எப்படியும் உங்க வரம்புக்குள்ள வந்துடுவேன்.”

லினெட் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டேப்பைச் சுருட்டினாள். நெல்ஸ் வீட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான்.

விசாரணை ஜன்னல் பாதி கழிந்த பிறகு, ஆகஸ்ட் மாதம் நடந்தது. மாரிசெல் வருவேன் என்றாள். காரில் வந்த வலி அவள் முகத்தில் அப்படியே இருந்தது. மேடையில் ஏழு உறுப்பினர்கள், ஏழு தண்ணீர்க் குடுவைகள். நடுவில் விட்லாக். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

“நண்பர்களே, இந்த மேடையில உக்கார்ந்து நாங்க யார் முகத்தையும் பாக்கறதில்ல. பணக்காரனா, ஏழையா, ஆரோக்கியமா, நோயாளியா, எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க நாங்க மறுத்துட்டோம். நாங்க பாக்கறது நிழலை மட்டும்தான். நிழலுக்கு முகம் கிடையாது. அதுதான் நியாயம்.”

கைதட்டல்.

“எங்க வீட்டுத் துறைக்குக் கூரை இருக்குன்னு சிலர் முணுமுணுக்கறாங்க. அதையும் வெளிப்படையாவே சொல்றேன். அது விதிக்கு முந்தின கூரை. பழைய நிழல். மீனுக்கெல்லாம் அது பழகிடுச்சு.”

பின்வரிசையிலிருந்து ட்வைட் எழுந்தான். “ஏரியில இப்ப எத்தனை சால்மன் இருக்குன்னு ஆணையம் சொல்ல முடியுமா?”

விட்லாக் லினெட்டைப் பார்த்தார். லினெட் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள். “தற்சமயம் இல்லை.”

“இல்லாத மீனுக்கு எதுக்குய்யா வெளிச்சம்?”

“நல்ல கேள்வி,” என்றார் விட்லாக் பெருந்தன்மையுடன். “விருந்தாளி வர்றதுக்கு முன்னாடிதான் வீட்டைப் பெருக்கி வைக்கணும். வந்தப்புறம் பெருக்கறது மரியாதையில்ல.”

மறுபடி கைதட்டல். மாரிசெல் பேச விரும்புவதாகக் கையை உயர்த்தினாள். விட்லாக் பக்கத்தில் இருந்த சட்ட ஆலோசகரிடம் குனிந்தார். இருவரும் வெகுநேரம் கிசுகிசுத்தார்கள்.

“ஒரு சிறு தெளிவு வேணும்,” என்றார் விட்லாக். “மிஸஸ் ஹௌகன் பொதுமக்கள்ல ஒருத்தரா பேசறாங்களா, இல்ல விண்ணப்பிச்ச கட்டுமானத்தோட ஒரு பகுதியாப் பேசறாங்களா? ரெண்டும் சேர்ந்து பேச முடியாது.”

“பேசற கட்டுமானம்னு வச்சுக்கங்க,” என்றாள் மாரிசெல். அவள் குரல் சின்னதாக இருந்தது. “எனக்குத் துறை வேண்டாம். கூரை வேண்டாம். தண்ணிக்குள்ள இறங்கணும். இறங்கிட்டேன்னா என் நிழல் தண்ணிக்கு மேல இருக்காது. எல்லாம் உள்ள போயிடும். அவ்வளவுதான்.”

அந்த வாதம் உறுப்பினர்களை மிகவும் கவர்ந்தது. நீருக்குள் மூழ்கிய உடலின் நிழல் எங்கே விழுகிறது என்பதை விதிகள் சொல்லவில்லை. எனவே நான்கு பருவங்களிலும் அளந்து ஒரு சுதந்திரமான நிழல் ஆய்வு செய்வதென்று ஒருமனதாக முடிவாயிற்று. ஆய்வுக்கு மாரிசெல் நான்கு பருவங்களிலும் வந்திருக்க வேண்டும் என்று லினெட் விளக்கினாள்.

“முயற்சி பண்றேன்,” என்றாள் மாரிசெல்.

செப்டம்பரில் வெயில் இன்னும் இருந்தது. ட்வைட் சொல்லாமல் கொள்ளாமல் மிதவையைக் கொண்டுவந்து நெல்ஸின் கரையில் ஒட்டினான்.

“நெல்ஸ், கேளு. கிரேனால ஒரு ஆளைத் தண்ணிக்குள்ள இறக்கினா அது அனுமதியில்லாத நீர்ப்பணி. லைசென்ஸ் போயிடும். ஆனா ஒரு ஆளைப் படகுல ஏத்தினா அது வெறும் ஏத்து இறக்கு. உன்கிட்டதான் படகு இருக்கே.”

“அது ஓட்டைப்படகு.”

“ஓட்டையை அடைன்னு எந்த விதியும் சொல்லல.”

அகலமான பட்டையில் அவளைக் கிடத்திக் கிரேன் தூக்கியது. சேற்றுச் சரிவுக்கு மேலாக மாரிசெல் மெதுவாகக் காற்றில் போனாள். “எல்லாரும் பாத்துக்கங்க,” என்று கத்தினாள், “என் நிழல் எங்கெல்லாம் போகுது பாருங்க!” நெல்ஸ் படகில் நின்று வாங்கிக்கொண்டான். அடிப்பலகையில் அவளைச் சாய்த்து உட்காரவைத்துத் தன் மார்பில் முதுகைத் தாங்கிக்கொண்டான். துடுப்பால் நாலு தள்ளு தள்ளியதும் தண்ணீர் கொப்பளித்து உள்ளே வந்தது. அவள் கணுக்கால் நனைந்தது. பிறகு தொடை. பிறகு இடுப்பு.

அவள் தோள்கள் கீழே இறங்குவதை அவன் மார்பில் உணர்ந்தான். மாதக்கணக்காக அவள் தோள்கள் காதருகே ஏறி நின்றிருந்தன. அது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

“வலிக்குதா?”

“பேசாத.”

படகு விளிம்புவரை இறங்கி, பழைய மரமாதலால் அதற்கு மேல் மூழ்காமல் அப்படியே நின்றது. ரோந்துப் படகில் ஒரு காவலர் வந்தார்.

“ஹலோ! உங்க படகு முழுகுது!”

“முழுகல சார்,” என்றாள் மாரிசெல் கண்ணைத் திறக்காமல். “குளிக்குது.”

“தண்ணியை இறைச்சு வெளிய ஊத்தணும் மேடம்.”

“கொஞ்சம் பொறுங்க சார். இப்பதான் உள்ள வந்துச்சு.”

காவலர் கொஞ்சம் பொறுத்தார். அந்த ஏரியில் யாரும் அவளுக்காகப் பொறுத்தது அந்த ஒரு முறைதான். பிறகு அவர் கடமையைச் செய்தார். அனுமதியின்றிக் கரையில் ஒட்டியதற்காக ட்வைட்டுக்கு எச்சரிக்கை. இன்னொரு முறை நடந்தால் மிதவை பறிபோகும். ஓட்டைப்படகு பாதுகாப்பற்றது என்று கரையில் கவிழ்க்கப்பட்டது. துறைக்கான விண்ணப்பத்தில் அது தொடர்ந்து பயனாளியாக இருக்கலாம். தண்ணீரில் மட்டும் இறங்கக்கூடாது.

செப்டம்பர் முடிந்தது. ஜன்னல் மூடியது.

பிப்ரவரியில் மாரிசெல் இறந்தாள். வீட்டில்தான். படுக்கையை ஏரி தெரிகிற மாதிரி போட்டிருந்தான். மழைக்காலமாதலால் அணைக்கட்டில் தண்ணீரை இறக்கியிருந்தார்கள். ஏரி கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போயிருந்தது. நடுவே சேறு.

அவள் அம்மா சிக்கன் போட்ட அரிசிக் கஞ்சி காய்ச்சி வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். நெல்ஸ் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தான். யாரோ வந்து வாங்கி வைத்தார்கள். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போனான். பின்னங்களை நடத்தினான்.

மார்ச்சில் லினெட் தொலைபேசியில் வந்தாள். குரல் உடைந்திருந்தது. உண்மையாகவே அழுதிருக்கிறாள்.

“மிஸ்டர் ஹௌகன், எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அவங்க எவ்வளவு தமாஷாப் பேசுவாங்க.”

“ம்.”

“இன்னொரு விஷயம். இதை இப்பச் சொல்லலாமான்னு தெரியல. சூழ்நிலை மாறினா விண்ணப்பத்தைத் தானாவே மறுபரிசீலனை பண்ணணும்னு விதி இருக்கு. நான் போட்டுப் பாத்தேன்.” மூக்கை உறிஞ்சினாள். “நீங்க வரம்புக்குள்ள வந்துட்டீங்க.”

நெல்ஸ் தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி எடுத்தான்.

“ஹலோ? இருக்கீங்களா?”

“எனக்கு இப்ப அது வேண்டாம் மேடம். வாபஸ் வாங்கிக்கறேன்.”

“வாங்கலாம். ஆனா கரைச் சீரமைப்பும் இதோட சேர்ந்த திட்டம். அதை வாபஸ் வாங்கறதுக்குத் தனி ஆய்வு, தனி விசாரணை. கட்டிடறதுதான் சுலபம்.”

இரண்டாவது விசாரணை சீக்கிரம் முடிந்தது. விட்லாக் எழுந்து நின்றே பேசினார்.

“முதல்ல நம்ம ஆழ்ந்த இரங்கல். அந்த அம்மாவோட தைரியத்தை இந்த மேடை மறக்காது. இந்த ஆணையத்துக்கு இரக்கம் இல்லைன்னு சொல்றவங்க இருக்காங்க. அவங்க இன்னைக்கு வந்திருக்கணும். போன ஆகஸ்ட்ல நாம ஒரு சதுர அடிகூட விட்டுக் குடுக்கல. குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? காலத்துக்கும் ஒரு விதிமீறல் அந்தக் கரையில நின்னிருக்கும். நாம பொறுத்தோம். மிஸ்டர் ஹௌகனும் பொறுத்தார். விதி வளையல நண்பர்களே. சூழ்நிலைதான் வளைஞ்சு குடுத்துச்சு. ரெண்டு பக்கமும் பொறுமையா இருந்தா எந்தப் பிரச்சினையும் தானாத் தீரும்ங்கறதுக்கு இது சாட்சி.”

ஏழு கைகளும் உயர்ந்தன. நெல்ஸ் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்கள். அவன் இல்லை என்றான். அவனுடைய கண்ணியம் எல்லோராலும் பாராட்டப்பட்டது.

ஜூலையில் ட்வைட் வந்து கட்டினான். முழு வேலையிலும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். கூழாங்கல் கொட்டினார்கள். வேரோடு மரங்கள் கொண்டுவந்து, கையெழுத்திட்ட கோணத்தில் தானாக விழவைத்துச் சங்கிலி போட்டார்கள். வில்லோ நட்டார்கள். சல்லடைத் தளம் போட்ட துறை முப்பதடி நீண்டு தண்ணீருக்கு மேல் நின்றது. முனையில் தொங்கு நாற்காலியும் உண்டு. அங்கீகரித்த படத்தில் இருந்ததால் அதை விட முடியவில்லை.

இறுதிச் சோதனைக்கு லினெட் நண்பகலில் வந்தாள். வெளிச்சம் அளக்கும் கருவியைத் தளத்துக்கு அடியில் நீட்டிப் பார்த்தாள். எண்களெல்லாம் அழகாக வந்தன. கடைசியாக முனையை அளக்கப் போனாள். அங்கே நெல்ஸ் நின்றிருந்தான். எப்போது போய் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. கீழே தண்ணீர் பச்சையாகத் தெளிந்து அசையாமல் கிடந்தது. எதிர்க்கரையில் யாரோ ஒரு பெண் நீந்திக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா, மிஸ்டர் ஹௌகன்? உங்க நிழல் விழுது.”

அவன் நகரவில்லை.

“மிஸ்டர் ஹௌகன்?”

“கேக்குது மேடம்.”

“ரெண்டடி தள்ளி நின்னாப் போதும். அளந்ததும் மறுபடி வந்து நின்னுக்கங்க.”

“நகர முடியல.”

“கால்ல ஏதாவது பிரச்சினையா?”

“இல்ல. கால் நல்லாத்தான் இருக்கு.”

லினெட் காத்திருந்தாள். விட்லாக்கின் படகு போனது. அலை வந்து துறையின் கால்களில் மோதிவிட்டுத் திரும்பியது. அவன் அப்படியேதான் நின்றான். வெயிலில் அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அவனைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், கருவியைப் பைக்குள் வைத்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

பிறகு மண்டியிட்டு, அவன் நிழலின் விளிம்பில் டேப்பை வைத்தாள்.

“இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?”

அவன் பிடிக்கக் குனிந்தான்.

“குனியாதீங்க, மிஸ்டர் ஹௌகன்,” என்றாள் லினெட் கனிவாக. “நிழல் மாறுது.”